தரைக்குள் ஒளிந்திருக்கும் அடுப்பு

மின்கம்பியால் வீட்டுத் தரையைச் சூடாக்கும் வசதி இந்தியாவின் குளிர்ப் பிரதேசங்களுக்கு வந்துவிட்டது. கம்பியைப் பதிப்பது சுலபம். சூட்டை வீட்டுக்குள் பிடித்து வைப்பதுதான் பெரும் பாடு.

தரையைச் சூடாக்குவதற்காகப் பணம் செலவழிக்கிறார்கள் என்றால், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்தில் சிரிப்பார்கள். அங்கே கோடையில் கவலையே வேறு. அதே வட்டாரத்தில், திருமலையில், வெறுங்காலோடு வலம் வரும் பக்தர்களின் பாதம் பொரிந்துபோகாமல் இருக்க மாட வீதிகளில் கோடைதோறும் வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறார்கள். பகல் முழுக்க வெயிலை வாங்கிய கல் பொழுது சாய்ந்த பிறகும் சூட்டை விடுவதில்லை. தெற்கே தொல்லையாக இருக்கும் கல்லின் இந்தக் குணத்தை வரமாக மாற்றிக்கொண்டவர்கள் காஷ்மீரிகள்.

டிசம்பர் 21ல் காஷ்மீரில் 'சில்லை கலான்' தொடங்குகிறது. 40 நாள் கடுங்குளிர். 2024ல் அது தொடங்கிய நேரத்தில் ஸ்ரீநகரில் பதிவான வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி. டிசம்பர் மாதத்தில் 50 ஆண்டுகளில் காணாத குளிர். குழாயில் தண்ணீர் உறைந்துபோகும் இந்த நாட்களில் பல வீடுகளிலும் மசூதிகளிலும் ஆட்கள் கூடும் இடம் ஹமாம். தரை முழுக்கப் பெரிய கற்பலகைகள். அவற்றைத் தாங்க உயரம் குறைந்த தூண்கள். அடியில் வெற்றிடம். வெளிப்பக்கத்திலிருந்து விறகை எரித்தால் ஒரு செப்புக் கொப்பரையில் தண்ணீர் காய்கிறது. அதே நெருப்பின் புகை தரைக்கு அடியில் சுற்றிவிட்டுப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. சில மணி நேரம் எரித்தால் போதும், கல் அடுத்த பல மணி நேரத்துக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அறைக்குள் புகையே வராது என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

ஹமாம் இல்லாத வீட்டில் காங்கிரி இருக்கும். பிரம்புக் கூடைக்குள் வைத்த மண்சட்டியில் கரி நெருப்பு. ஃபெரன் அங்கிக்குள் அதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடக்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் வயிற்றையும் தொடையையும் சுட்டு, தோல் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடுவதுண்டு. மருத்துவ நூல்களில் அதற்குக் 'காங்கிரி புற்றுநோய்' என்றே பெயர்.

இதைவிட அவசரமான ஆபத்து மூடிய அறைக்குள் எரியும் கரியும் எரிவாயுவும். நிறமோ வாசனையோ இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில் கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் எரிவாயு ஹீட்டர் வைத்த அறையில் இறந்தார்கள். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரே குடும்பத்தின் 5 பேர், குளிருக்குச் சூடேற்றிய அறையில் மூச்சுத் திணறி மாண்டார்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிர் ஊரில் நெருப்பில்லாத சூடு வெறும் ஆடம்பரம் அல்ல என்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

தரைக்குள் மின்கம்பி என்ற யோசனைக்கு இங்கேதான் வேலை. யோசனை பழையது. ரோமானியர்கள் குளியல் மண்டபத் தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட்டார்கள். கொரியர்கள் சமையல் அடுப்பின் புகையைத் தரைக்குக் கீழே திருப்பி, 'ஒண்டோல்' என்ற பெயரில் காலங்காலமாக அதன் மேல் படுத்துத் தூங்குகிறார்கள். பாய் விரித்துத் தரையில் படுக்கும் தமிழர்களுக்கு இந்தப் பழக்கம் அந்நியமாகத் தோன்றாது. டோக்கியோவில் அப்படிப்பட்ட ஒரு கொரிய அறையில் உட்கார்ந்து சொக்கிப்போன அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், அங்கே தான் கட்டிக்கொண்டிருந்த இம்பீரியல் ஹோட்டலின் குளியலறைத் தரைகளுக்கு அடியில் மின்சாரச் சூடேற்றிகளை வைத்ததாக எழுதியிருக்கிறார். அந்த ஹோட்டல் திறக்கப்பட்டது 1923ல்.

இன்று கடையில் கிடைப்பது ஒரு வலைப்பாய். அதில் பென்சிலைவிட மெல்லிய சூடேற்றும் கம்பியை வளைத்து வளைத்துக் கோத்திருப்பார்கள். சதுர மீட்டருக்கு 100 முதல் 150 வாட் வரை. கான்கிரீட் தரையின் மேல் முதலில் வெப்பக்காப்புப் பலகை, அதன் மேல் இந்தப் பாய், அதன் மேல் டைல் ஒட்டும் பசை, கடைசியில் டைல். சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். தரையின் சூட்டை அதற்குச் சொல்ல ஒரு சென்சார். சென்சாரைத் தனிக் குழாய்க்குள் விட்டால் பிற்பாடு பழுதானால் உருவி மாற்றலாம், நேரடியாகப் பசையில் புதைத்தால் டைலை உடைக்க வேண்டியதுதான்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது வெப்பக்காப்புப் பலகையில். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு எதற்குச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். பலகை இல்லாவிட்டால் கம்பியின் சூட்டில் கணிசமான பங்கு கீழே இருக்கும் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் போகும். பூமியைச் சூடாக்கியதற்கும் சேர்த்து மின்கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த சிக்கல் ஆட்களிடம். நம் ஊர்களில் எலக்ட்ரீஷியன் வயர் இழுத்துவிட்டுப் போன பிறகுதான் டைல் கொத்தனார் வருவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே வீடு முடிந்துவிடும். இந்த வேலையில் அது நடக்காது. கொத்தனாரின் கரணை முனை கம்பியில் ஒருமுறை பட்டால் போதும், முழுப் பாயும் செத்துவிடும். அதனால் கம்பியின் மின்தடையை மூன்று முறை அளந்து எழுதி வைக்க வேண்டும்: பெட்டியைப் பிரித்ததும், பாயை விரித்ததும், டைல் ஒட்டி முடித்ததும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மூடுவதற்கு முன் தரையைப் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. பின்னால் கதவுத் தடுப்பானுக்குத் துளை போட வருகிறவருக்கு அதுதான் வரைபடம்.

அறையின் அளவுக்குப் பாய் பொருந்தவில்லை என்றால் வலையை வெட்டித் திருப்பலாம், கம்பியை ஒருபோதும் வெட்டக் கூடாது. ஒரு கம்பி இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. பீரோ, அலமாரி, குளியல் தொட்டி நிரந்தரமாக இருக்கும் இடத்தில் பாய் தேவையில்லை. சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கம்பியைக் கெடுத்துவிடும். கனமான கம்பளமும், தரையில் நேராகப் போட்ட பஞ்சு மெத்தையும் செய்யும் வேலையும் அதுதான். நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் மெத்தை தரைக்கு வந்துவிடும் என்பதால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். குளியலறையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம். பசை காயும் முன் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். குறைந்தது ஒரு வாரம் பொறுத்தால்தான் டைல் பிடிப்பு விடாமல் இருக்கும்.

மேல்தரையாகக் கல்லும் டைலும்தான் உத்தமம். மரத்தரை என்றால் 27 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. எந்தத் தரையாக இருந்தாலும், மனிதர்கள் புழங்கும் அறையில் மேல்பரப்பு 29 டிகிரியைத் தாண்ட வேண்டாம் என்கிறது ஐரோப்பியத் தரநிர்ணயம். சுடும் தரை அல்ல, வெதுவெதுப்பான தரை. காற்றைச் சூடாக்கும் ஹீட்டரின் வெப்பம் மேலே ஏறிக் கூரையைக் காய்ச்சும். தரைச் சூடு காலில் தொடங்குகிறது. அதனால்தான் கொஞ்சம் குறைந்த வெப்பநிலையிலேயே உடம்பு திருப்தியடைகிறது.

கணக்கு என்ன? 12 அடிக்கு 12 அடி அறையில் கட்டிலும் பீரோவும் போக 100 சதுர அடி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 1,400 வாட். ஒரு நாளில் கம்பி மொத்தம் 6 மணி நேரம் ஓடினால் 8 யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட் 6 ரூபாய் என்றால் மாதம் சுமார் 1,500 ரூபாய், ஒரே ஓர் அறைக்கு. மொத்த வீட்டுக்கும் இதை நம்புகிறவர் பர்ஸை நன்றாகத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். வெப்பம் தரவல்ல ஏ.சி. இயந்திரம் வெளிக்காற்றிலிருந்தும் வெப்பத்தை இழுப்பதால், கடுங்குளிர் இல்லாத நாட்களில் அதே மின்சாரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு தரும். 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் உறைபனி சில வாரங்களோடு முடிந்துபோகும் உதகைக்குக் குளியலறைத் தரையும் வயதானவர்கள் படுக்கும் அறையும் போதும்.

காஷ்மீரின் கதை வேறு. பழைய ஸ்ரீநகர் வீடுகளின் தடித்த செங்கல் சுவரும் மரமும் மண்ணும் சூட்டைப் பிடித்து வைத்திருந்தன. அந்த இடத்துக்கு வந்திருக்கும் மெல்லிய சிமென்ட் சுவர்களும் அகலமான ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களும் அதை விட்டுவிடுகின்றன. அறை இழக்கும் சூடு தரை தரும் சூட்டைவிட அதிகமானால், இரவெல்லாம் மீட்டர் சுழன்றாலும் விரல் விறைக்கத்தான் செய்யும். பணம் இருப்பவர் முதலில் செலவழிக்க வேண்டியது கூரையிலும் ஜன்னலிலும். லடாக்கில் பே கிராமத்துப் பள்ளி வளாகத்தில் சோனம் வாங்சுக்கும் அவரது மாணவர்களும் கெட்டித்த மண்சுவர்களையும் தெற்கு நோக்கிய கண்ணாடியையும் வைத்து, வெயிலை மட்டும் நம்பியே குளிர்காலத்தைத் தள்ளிக் காட்டினார்கள்.

மின்சாரமும் ஒழுங்காக வர வேண்டும். குளிர்காலத்தில் காஷ்மீர் ஆறுகளில் நீர் சுருங்குகிறது, நீர்மின் உற்பத்தி விழுகிறது. ஊரெங்கும் ஹீட்டர் ஓடுவதும் அதே மாதங்களில்தான். விளைவு, மின்வெட்டு. டைலுக்கு அடியிலேயே பதித்த மெல்லிய பாய் அரை மணியில் சூடாகும், கரண்ட் போனதும் அதே வேகத்தில் ஆறியும் போகும். மின்வெட்டு நேரம் முன்கூட்டியே தெரிந்த இடங்களுக்கு வேறு முறை இருக்கிறது. காப்புப் பலகைக்கு மேல் இரண்டு மூன்று அங்குலக் கான்கிரீட், அதன் நடுவே கம்பி. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அது மெல்லச் சூடேறி, இல்லாத நேரத்தில் மெல்லத் திருப்பித் தருகிறது. காலையில் சூடு வேண்டுமானால் முந்தின இரவே சுவிட்சைப் போட்டுவிட வேண்டும்.