பழைய படகும் புதிய விரைவும்

விசைப்படகு விரைந்து செல்ல வலிமை மிக்க எந்திரம் ஒன்றே போதும் என நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. படகின் அடிப்பாகம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதே விரைவைப் பெரிதும் அறுதியிடுகிறது.

மெதுவாகச் செல்லும் படகு நீரைப் பிளந்து செல்லும். விரைவு மிகும்போது மேலெழுந்து நீர்ப்பரப்பில் வழுக்கிச் செல்லும். அப்போது நனையும் பரப்பு குறைவதால் உராய்வும் குறைகிறது. பழைய படகின் அடித்தளம் பின்புறத்தில் சிறிதே கீழ்நோக்கி வளைந்திருப்பினும் முன்பகுதி நீரில் அழுந்தும், விரைவு தடைப்படும். அவ்வளைவை நேராக்கினால், மழுங்கிய பின்விளிம்பைக் கூராக்கினால், எந்திரத்தை மாற்றாமலேயே விரைவு கூடும்.

ஆயினும் இதற்கோர் எல்லையுண்டு. ஆங்கிலேயரான டொனால்ட் கேம்பலின் 'புளூபேர்ட் கே7' படகு தொடக்கச் சோதனைகளில் எழுந்த நீர்த்திவலைகளால் தடுமாறியது. பக்க மிதவைகளைத் தாங்கும் அமைப்பைத் திருத்திய பின், 1955இல் மணிக்கு 325 கிலோமீட்டரும், 1964இல் 444 கிலோமீட்டரும் கடந்து உலகச் சாதனை படைத்தது. 1966இல் அப்பழைய உடலிலேயே வலிமை மிகுந்த புதிய எந்திரம் பொருத்தப்பட்டது. 1967 சனவரி 4ஆம் நாள், கோனிஸ்டன் ஏரியில் அதன் முன்பகுதி காற்றில் மேலெழும்ப, படகு கவிழ்ந்தது. கேம்பல் உயிர் நீத்தார்.

நீரினின்று படகை உயர்த்துவதே விரைவைத் தருகிறது. அவ்வுயர்வு அளவு கடந்தால் அதுவே அழிவைத் தருகிறது. எனவே பழைய படகைத் திருத்துவோர் அதன் உறுதியையும் சமநிலையையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும். விரைவு அதன் பின்னரே நாடத்தக்கது.