களி படிய எத்தனை நாள்?

சென்னையை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரி என்றால் செய்திகளில் இரண்டு எண்கள் வரும்: கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பூந்தமல்லியிலிருந்து சைதாப்பேட்டை வரை பலருக்கும் இவை மனப்பாடம். இரண்டுமே தண்ணீர்க் கணக்கு. அந்த 24 அடிக்குள் ஒரு மண் கணக்கும் இருக்கிறது.

அடைமழையில் வாய்க்காலில் ஓடிவரும் செந்நிறத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வையுங்கள். மணல் சில நொடிகளில் அடியில் உட்கார்ந்துவிடும். அதைவிட நுண்ணிய வண்டலுக்குச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை வேண்டும். கடைசியில் வருவது களி. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அதுதான் களித்துகளின் மேல்வரம்பு. அந்த அளவுத் துகள் அசையாத நீரில் வெறும் 10 சென்டிமீட்டர் இறங்க சுமார் 8 மணி நேரம் ஆகும். மண் ஆய்வுக்கூடங்களில் களியின் பங்கை அளக்க இன்றும் இப்படித்தான் காத்திருக்கிறார்கள். இதே வேகத்தில் 24 அடி இறங்க மூன்று வாரத்துக்கு மேல் பிடிக்கும்.

ஓடும் ஆற்றில் அவ்வளவு நேரம் கிடைக்காது. களி கடலுக்குப் போய்விடும். தண்ணீரை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் ஏரியில் கிடைக்கும். ஏரி என்பது தண்ணீர்த் தொட்டி மட்டுமல்ல, மண்ணைச் சலிக்கும் ஏற்பாடும்தான் என்பேன். வரத்து வாய்க்கால் நுழையும் இடத்தில் மணல் விழுகிறது. நுண்ணியது கரையை ஒட்டிய ஆழத்தில், மதகுப் பக்கம் போய்ச் சேர்கிறது. ஏரிப்பாசன ஊர்களில் கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு போய் வயலுக்கு அள்ளிவந்தது இதைத்தான்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? உரச்சத்து ஓரளவுதான். பெரிய விஷயம் பரப்பு. ஒரு கிராம் களியின் துகள்களை எல்லாம் பிரித்துப் பரப்பினால், வகையைப் பொறுத்து 10 சதுர மீட்டரிலிருந்து 800 சதுர மீட்டர் வரை போகும். அந்தப் பரப்பெங்கும் எதிர்மின்னேற்றம். பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் எல்லாம் நேர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் அதில் ஒட்டிக்கொள்கின்றன. வேர் கேட்கும்போது விடுபடுகின்றன. மணற்பாங்கான செம்மண்ணில் போட்ட உரம் நாலு மழைக்குக் கீழே இறங்கிவிடும். அதில் ஏரிமண் கலந்தால் உரமும் நிற்கும், ஈரமும் நிற்கும்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று செம்பரம்பாக்கம் பக்கத்தில் பட்டத்துக்குப் பட்டம் நெல் விளைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் சேற்றுக்குள்ளே இருக்கிறது. வயலில் தண்ணீர் கட்டி ஓரிரு நாளில் மண்ணிலுள்ள உயிர்வளியை நுண்ணுயிரிகள் தீர்த்துவிடும். மேலிருந்து புதிதாக வருவதும் கடினம்; காற்றில் ஊடுருவுவதைவிடத் தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே ஊடுருவும். மூச்சுமுட்டும் நுண்ணுயிரிகள் அடுத்து நைட்ரேட்டைப் பிடிக்கின்றன, பிறகு மாங்கனீசை, பிறகு இரும்பை. செம்மண்ணுக்கு நிறம் தந்த துரு கரைந்து, சேறு சாம்பல் நிறமாகிறது. துருவோடு பூட்டிக் கிடந்த பாஸ்பரஸும் கூடவே விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது.

வளரும் நெல்லில் ஒரு தூரைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். சேறு சாம்பல், வேர் மட்டும் துருச்சிவப்பு. தாளுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக நெல் தன் வேருக்குக் காற்றை இறக்குகிறது. அது வேரோரத்தில் கசிந்து, கரைந்த இரும்பை மறுபடி துருவாக்கிப் படியவைக்கிறது. மற்ற பயிர் அழுகும் இடத்தில் நெல் நிற்பது இந்த ஏற்பாட்டால்.

தழைச்சத்து கொஞ்சம் மேலேயே உற்பத்தியாகிறது. வயல்நீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்று 1939-இல் நிறுவியவர் பி. கே. டே என்ற இந்திய அறிவியலாளர். ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை இப்படிச் சேரலாம்.

செலவும் உண்டு. காற்றில்லாச் சேறு மீத்தேனை விடுகிறது. வயலில் கால் வைத்ததும் குமிழி கிளம்புவது அதனால்தான். நம் விவசாயிகள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இதைக் குறைக்கும்: தண்ணீர்மட்டம் மண்ணுக்குக் கீழே அரை அடி அளவு இறங்கும்வரை விட்டு, பிறகு பாய்ச்சுவது. மீத்தேனோடு தண்ணீரும் மிச்சம்.

செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இப்போது சென்னைக்குக் குடிநீர். 2007-இல் அங்கே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. குடிநீருக்கு மூன்று வாரம் காத்திருக்க முடியுமா? அதனால் இத்தகைய நிலையங்களில் படிகாரம் போன்ற உப்பைக் கலக்கிறார்கள். அதிலுள்ள அலுமினியத்துக்கு நேர்மின்னேற்றம். வயலில் உரத்தைப் பிடித்து நிறுத்தும் அதே களி இங்கே அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு திரள்திரளாக, மணிக்கணக்கில் படிந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கசடை ஏரிமண்போல அப்படியே வயலில் கொட்டமுடியாது. சேறு விடுவித்துத் தரும் பாஸ்பரஸை அதிலுள்ள அலுமினியம் இறுகப் பிடித்துக்கொள்ளும்.