மக்காச்சோளத் தட்டையில் ஊறுகாய்ப்புல்

மதுரைக்குத் தென்மேற்கே பேரையூர், தே. கல்லுப்பட்டி பக்கம் மக்காச்சோளத்தில் பச்சைக் கதிரை ஒடித்து விற்றதும், நிற்கிற தட்டையைக் காயவிட்டுக் கொளுத்துகிறவர்கள் உண்டு. சித்திரையில் அதே ஆட்கள்தான் வைக்கோலுக்கு அலைவோம். நானும் அலைந்தவன்தான்.

அந்தப் பச்சைத் தட்டையில் சர்க்கரை இருக்கு. பாலைத் தயிராக்குகிற அதே வகை பாக்டீரியா, காற்றுப் புகாத இடத்தில் அந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றும். புளிப்பு ஏறி பி.எச். 4 அளவுக்கு இறங்கினால், அழுகவைக்கிற கிருமிகள் அடங்கிவிடும். தீவனம் மாதக்கணக்கில் கெடாது. (தொழிற்சாலையில் இதே அமிலத்தை மக்காச்சோள மாவிலிருந்து எடுத்து, மட்கும் பிளாஸ்டிக் செய்கிறார்கள். நமக்கு மாடு போதும்.)

முதல் தடவை, மழையில் நனைந்த தட்டையை அன்றைக்கே நறுக்கிக் குழியில் போட்டுவிட்டேன். ஈரம் மிஞ்சினால் க்ளாஸ்ட்ரிடியம் என்ற வேறு பாக்டீரியா முந்திக்கொண்டு ப்யூட்ரிக் அமிலத்தை உண்டாக்கும். திறந்தால் ஊசிப்போன வெண்ணெய் நாற்றம். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முழுக்குழியும் எருவுக்குப் போச்சு.

இப்போது ஒருநாள் வாடவிடுகிறேன். ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, கைப்பிடி எடுத்து இறுக்கிப் பார்ப்பேன். தண்ணீர் சொட்டினால் இன்னும் வாடணும். விட்டதும் பொலபொலவென உதிர்ந்தால் காய்ந்துபோச்சு. உருண்டை மெல்ல விரிந்தால் ஈரம் 65, 70 சதவீதம், சரியான பதம். அடுக்கடுக்காக நன்றாக மிதித்து, தார்ப்பாய் மூடி, மேலே மண் போடுங்கள். வெல்லம் வேண்டாம், தட்டையின் இனிப்பே போதும்.

45 நாள் கழித்துத் திறக்கலாம். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து உடனே மூடணும். பூஞ்சை பிடித்ததை ஒதுக்கிவிடுங்கள். கறவை மாட்டுக்கு 5 கிலோவில் ஆரம்பித்து, மெல்ல 15 கிலோ வரை ஏற்றலாம். கறந்த பிறகு போடுங்கள். முன்னால் போட்டால் பாலில் வாடை ஏறும்.