சுருட்டி எடுத்துப் போகும் சூரிய மின்கலம்
ஆயுளைக் கூட்டப் பென்சில் கரி உதவுகிறது

வாடகை வீட்டில் குடியிருப்பவருக்குச் சூரிய மின்சாரம் எட்டாக்கனிதான். சிலிக்கானால் ஆன பெரிய பலகை ஒன்றின் எடை ஏறத்தாழ 20 கிலோ. தகரக் கூரை அதைத் தாங்காது. வீடு மாறும்போது கழற்றிச் செல்வதும் எளிதல்ல. ஆயினும் 25 ஆண்டு உழைக்கும் என்ற உத்தரவாதத்துடன் அது விற்பனையாகிறது.

இதற்கு மாற்றாக விஞ்ஞானிகள் உருவாக்கி வருவது கரிம சூரிய மின்கலம். பிளாஸ்டிக் போன்ற கார்பன் பொருளை மையாகக் கரைத்து, மெல்லிய தாளின் மேல் பத்திரிகை அச்சடிப்பது போல் அச்சடித்துவிடலாம். பாயைப் போல் சுருட்டி எடுத்துச் செல்லலாம்.

1986-ம் ஆண்டு அமெரிக்காவின் கோடக் கம்பெனி விஞ்ஞானி சிங் டாங், இரண்டு அடுக்குக் கரிம மின்கலம் பற்றிய ஆய்வை வெளியிட்டார். விழுந்த ஒளியில் சுமார் 1 சதவீதமே அதில் மின்சாரமாயிற்று. இன்று ஆய்வுக்கூடங்களில் அது 19 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அப்படியிருந்தும் இந்த மின்கலம் கடைவீதிக்குப் பரவலாக வராததற்கு முக்கியக் காரணம், ஆயுள் குறைவு.

உள்ளேயே ஓர் எதிரி

ஒளியை வாங்கும் அடுக்கின் கனம், ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஈரமும் பிராணவாயுவும் பட்டால் அது கெடும். வெளியிலிருந்து வரும் ஈரத்தை உறை போட்டுத் தடுக்கலாம். ஆனால் மின்னோட்டத்துக்கு வழிவிடுவதற்காக உள்ளே பூசப்படும் 'பெடாட்-பி.எஸ்.எஸ்.' என்ற பொருளே தொல்லை தருகிறது. மழைக்காலத்து உப்பைப் போல் அது ஈரத்தை உறிஞ்சுகிறது. அதிலுள்ள அமிலம், பக்கத்திலிருக்கும் இண்டியம் கலந்த பூச்சை மெல்ல அரித்துவிடுகிறது.

பக்குவப்படுத்திய கரி

இந்த இடத்தில்தான் கிராபீன் வருகிறது. பென்சிலில் உள்ள கிராஃபைட்டின் ஒரே ஒரு அணு கனமுள்ள ஏடுதான் கிராபீன். 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பைக் கொண்டே அதை உரித்தெடுத்தனர். 2010-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிராபீன் நீரில் கலக்காது. எனவே கிராஃபைட்டைக் கந்தக அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் இட்டுப் பக்குவப்படுத்துகிறார்கள். பிராணவாயு ஏறிய அந்த ஏடுகள் நீரில் பிரிந்து கலந்து, பூசுவதற்கு ஏற்ற மையாகின்றன. 2010-ல் தைவான், அமெரிக்க விஞ்ஞானிகள் பெடாட்-பி.எஸ்.எஸ்.ஸுக்குப் பதிலாக இதைப் பூசிப் பார்த்தனர். மின்சாரம் கிட்டத்தட்ட அதே அளவு கிடைத்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிராணவாயு அதிகமானால் மின்சாரம் சரியாகப் பாயாது. சூடேற்றியோ ரசாயனத்தாலோ அதை ஓரளவு நீக்கினால் மின்சாரம் பாய்கிறது. ஈரத்தை இழுக்கும் குணமும் குறைகிறது. அளவுக்கு மீறி நீக்கினாலோ, ஏடுகள் நீரில் கலக்காமல் கட்டியாகிவிடும். சர்க்கரைப் பாகுக்குப் பதம் பார்ப்பது போன்ற வேலை இது. இவ்வாறு பதப்படுத்திய கிராபீன் பூசிய மின்கலங்கள், பழைய பூச்சு உள்ளவற்றைவிட அதிக நாள் தாக்குப்பிடித்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆய்வுக்கூடத்தில் நிலைப்பது வேறு. வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கூரைமேல் கிடப்பது வேறு. மின்விசிறி வாங்கப் போகிறவர்கூட, "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும் நாளில், வீடு மாறுகிறவரின் மூட்டை முடிச்சுகளோடு சூரிய மின்கலமும் கூடவே போகும்.