முதலில் 1930, மற்றதெல்லாம் அப்புறம்

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளி மண்டிக்காரர். வாட்ஸ்அப்பில் 'பி.எம். கிசான்' என்று வந்த கோப்பை அவர் மகன் தட்டினான். அரை மணி நேரத்தில் கணக்கிலிருந்த பணம் மூன்று தடவையாகப் போய்விட்டது. அவர் செய்த முதல் காரியம், செல்போன் கடைக்கு ஓடி போனை ரீசெட் போட்டதுதான். இருந்த ஆதாரமும் அதோடு போயிற்று. பிறகு, திங்கட்கிழமை வங்கி திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அங்கே சரியான பதில் இல்லையென்று கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வரிசையில் நின்றார். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்கு அவர் பேசியபோது ஐந்து நாள் கடந்திருந்தது.

இப்படி வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே எனக்குக் கை சலித்துவிட்டது. இந்தப் போலி கிசான் செயலியைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறை சைபர் குற்றப் பிரிவு 2024-லேயே எச்சரித்தது. பெயர்தான் மாறுகிறது: இன்று கிசான், நாளை போக்குவரத்து அபராதச் சலான், அடுத்த நாள் கல்யாணப் பத்திரிகை. கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் தொடாதீர்கள். அது உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளைத் தானே படித்து ஓடிபியைத் திருடனுக்கு அனுப்பிவிடும். "நான் யாருக்கும் ஓடிபி சொல்லலையே" என்று பிறகு அழுது பயனில்லை.

பணம் போனால் என்ன செய்வது? வரிசை முக்கியம்.

முதலில், அந்தப் போனில் நெட்டை அணையுங்கள். ரீசெட் போடாதீர்கள். வேறொரு போனிலிருந்து 1930-ஐ அழையுங்கள். கணக்கு எண், போன தொகை, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இவை கையில் இருக்கட்டும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் கிடந்தால், அதை அங்கேயே நிறுத்தி வைக்க வழி உண்டு. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அது கடினம். அதனால்தான் நிமிடக் கணக்கு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வங்கி. கிளை திறக்கும்வரை காத்திருக்காமல் வாடிக்கையாளர் சேவை எண்ணில் சொல்லிக் கணக்கை முடக்குங்கள், புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் பல கிளைகளில் யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். தவறு உங்கள் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னவருக்கு இழப்பு கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கும் சிறுதொழில் நடப்புக் கணக்குக்கும் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் உங்கள் தலையில் விழும். உங்கள் கவனக்குறைவே காரணம் என்றாலும், புகார் சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. வாயால் சொன்னது போதாது. எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லையென்றாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரத்துக்கு 14448.

மூன்றாவது, மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம். வங்கி அறிக்கை, ஸ்கிரீன்ஷாட், 1930 ஒப்புகை எண் மூன்றையும் கொண்டுபோங்கள். புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதோ, எஃப்ஐஆர் நகலோ இல்லாமல் திரும்பாதீர்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம். வழக்குப் பதிய மறுத்தால், பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(4)-ன்படி எஸ்.பி.க்குப் புகாரை எழுதித் தபாலில் அனுப்புங்கள். பணம் எங்கோ ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருந்தால், அது தானாக நடந்து வீட்டுக்கு வந்துவிடாது. அதே சட்டத்தின் பிரிவு 503-ன் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் கேட்க வேண்டியிருக்கலாம். இதைச் செய்யாமல் விட்டவர்கள் ஏராளம்.

"நீங்கதானே பாஸ்வேர்டு கொடுத்தீங்க" என்று வங்கி சொன்னதும் வாயடைத்துப் போகாதீர்கள். வங்கி அனுப்பியதுபோல் வந்த போலி மின்னஞ்சலை நம்பி ஏமாந்த தூத்துக்குடிக் கிளை வாடிக்கையாளர் ஒருவர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் மனுச் செய்தார். 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஐசிஐசிஐ வங்கிக்கு 2010 ஏப்ரலில் உத்தரவு வந்தது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. 5 கோடி வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அந்தச் செயலரே விசாரிக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக. வைஃபை பெட்டியின் பாஸ்வேர்டு வந்த நாளிலிருந்து 'அட்மின்' என்றே இருக்கிறதா? இன்றே மாற்றுங்கள். சிசிடிவி பெட்டிக்கும் அதேதான். டேலி கணக்கை வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால், கணக்கைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். வாடிக்கையாளர்களின் ஆதார் ஜெராக்ஸை மேசைமேல் குவிக்காதீர்கள். கணினியிலோ போனிலோ வைத்திருக்கும் பிறர் தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு மறந்துவிடுவீர்கள் என்று தெரியும். இரண்டை மட்டுமாவது கல்லாப் பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்: போனை ரீசெட் போடாதே. 1930-க்கு இப்போதே பேசு.