வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை!

இந்த இதழுக்கு வந்த கேள்விக் கடிதம் ஒன்றை ஆசிரியர் எனக்கு அனுப்பி வைத்திருந்தார். எழுதியவர் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் விவசாயி. ‘என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்துத் தேறியிருக்கிறாள். மூன்று வருடம் கல்லூரிக்கு அனுப்ப வசதி இல்லை. பக்கத்து ஊர் சமுதாயக் கல்லூரியில் ஒரு வருடக் கணக்கியல் பட்டயப் படிப்பு இருக்கிறது என்கிறார்கள். விவசாய வீட்டுப் பெண்ணுக்கு அது எதற்குப் பயன்படும்?’ என்று கேட்டிருந்தார்.

புகையான் பூச்சிக்கு மருந்து கேட்டிருந்தால் நான்கு வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். இந்தக் கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. கணக்கு எழுத ஓர் ஆள் இல்லாததால் என்ன நடக்கும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

பங்குத் தொகையைத் தின்ற தாமதக் கட்டணம்

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த வட்டாரத்தில் விவசாயிகள் சேர்ந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினார்கள். 300 பேர், ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு. மொத்தம் 3 லட்சம். ஊர் ஊராகப் போய் உறுப்பினர் சேர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. உளுந்து வாங்கி விற்றார்கள். உரம் மொத்தமாக எடுத்துக் கொடுத்தார்கள். வியாபாரம் மோசம் இல்லை. ஆனால், ரசீது எல்லாம் ஒரு மஞ்சள் பையில் கிடந்தது. ஆடிட்டர் கணக்குப் புத்தகம் கேட்டபோது அந்தப் பையைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உற்பத்தியாளர் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தில் பதிவாவது. லாபமோ நட்டமோ, ஒவ்வோர் ஆண்டும் நிதிக் கணக்கையும் ஆண்டு அறிக்கையையும் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவத்துக்கு 200 ரூபாய். எங்கள் நிறுவனத்தில் முதலாண்டுக் கணக்கு இரண்டு வருடம் தாமதம். அதற்கு 1,46,000. அடுத்த ஆண்டுக் கணக்கு ஒரு வருடம் தாமதம். அதற்கு 73,000. ஆக மொத்தம் 2,19,000 ரூபாய். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தவறியிருந்தால் இயக்குநர்களாக இருந்த விவசாயிகள் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்க முடியாமல் போயிருக்கும்.

பேரவைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “சார், நீங்க சொல்லித்தானே சேர்ந்தேன். என் ஆயிரம் ரூவா எங்க சார் போச்சு?” என்று கேட்டார். பூச்சி தின்றிருந்தால் மருந்து சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருந்தால் காப்பாற்றியிருக்கக் கூடிய பணம் அது.

சமுதாயக் கல்லூரி என்பது என்ன?

அமெரிக்காவில் 1901-ல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் இந்த வகைக் கல்லூரி ஒன்று தொடங்கியது. ஊரை விட்டுப் போக முடியாதவர்கள், நீண்ட படிப்புக்குப் பணம் இல்லாதவர்கள், பக்கத்திலேயே ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். இந்தியாவில் இது முதலில் வேர் விட்டது நம் பக்கத்தில்தான். 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் தொடங்கினார்கள். பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் தனித் திட்டம் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தில் ஆறு மாதம் படித்தால் சான்றிதழ், ஒரு வருடம் படித்தால் பட்டயம், இரண்டு வருடம் படித்தால் மேல்நிலைப் பட்டயம்.

கணக்கியல் படிப்பில் பொதுவாக என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? ரொக்க ஏடு, பேரேடு, இருப்பாய்வு, லாப நட்டக் கணக்கு, இருப்பு நிலைக் குறிப்பு என்று படிப்படியாகப் போகும். கூடவே டேலி மென்பொருள், ஜி.எஸ்.டி. கணக்கு, கடிதம் எழுதுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது. கடைசியில் ஏதாவது ஓர் இடத்தில் நேரடிப் பயிற்சி. பாடப் புத்தகத்தில் வரும் உதாரணம் எல்லாம் ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்றுதான் இருக்கும். அதை வயலுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியது நம் பிள்ளைகளின் வேலை.

ஓர் ஏக்கர் நெல்லுக்குக் கணக்குப் பார்ப்போமா?

புரிவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

ஓர் ஏக்கர் நெல்லுக்கு டீசல், நடவுக் கூலி, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை என்று கையை விட்டுப் போன காசு 28,000. நெல் விற்ற காசு 50,000. ‘22,000 லாபம்’ என்று நினைத்துக்கொள்கிறோம்.

கணக்குப் படித்த பிள்ளை இப்படிக் கேட்பாள்: அப்பாவும் அம்மாவும் வயலில் 30 ஆள் நாள் வேலை பார்த்தீர்களே, ஒரு நாளுக்கு 400 வைத்தாலும் 12,000 ஆகிறதே? மிச்சம் 10,000. சொந்த பவர் டில்லர் 2 லட்சம் ரூபாய்; பத்து வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 20,000 தேய்மானம். ஐந்து ஏக்கரில் இரண்டு போகம் ஓடினால் ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 2,000. மிச்சம் 8,000. சொந்த விதைநெல் 30 கிலோ, கிலோ 40 வீதம் 1,200. மிச்சம் 6,800. நகைக் கடன் 30,000 ரூபாய்க்கு 9 சதவிகிதத்தில் நான்கு மாத வட்டி 900. மிச்சம் 5,900.

அவள் அதோடு நிறுத்தமாட்டாள். வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று விற்காமல் எடுத்து வைத்த 60 கிலோ மூட்டை ஐந்து இருக்கிறதே, அது வரவில்லையா? 300 கிலோ, கிலோ 22 வீதம் 6,600. ஆக நிகரம் 12,500. கணக்கு நட்டத்தை மட்டும் காட்டுவதில்லை. நாம் எண்ணாமல் விட்ட வரவையும் காட்டுகிறது.

நெல், உளுந்துக்கெல்லாம் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் மத்திய ஆணையமும் செலவை இப்படிப் பிரித்துத்தான் பார்க்கிறது. கைச்செலவு, தேய்மானம் போன்றவை ‘ஏ2’. குடும்ப உழைப்பு ‘எஃப்.எல்’. சொந்த நிலத்துக்கு வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் கூட்டினால் ‘சி2’. விலை கேட்டு நாம் போராடும்போது இந்தக் கணக்கு நம் கையிலும் இருக்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. தேதியை மறந்தால் அந்தச் சலுகை போய்விடும். தேதியை எழுதி வைப்பதும் கணக்குதான்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

சான்றிதழ் தருவது யார்? கல்லூரியா, பல்கலைக்கழகமா? அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளம்பரத் தாளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

டேலி பழக ஆளுக்கொரு கணினி உண்டா? பத்துப் பேர் ஒரு கணினியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் படிப்பு ஏறாது.

நேரடிப் பயிற்சி எத்தனை நாள், எங்கே? பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பயிற்சி எடுக்க அனுமதி கேளுங்கள். அங்கே கொள்முதல், இருப்பு, பங்குப் பதிவேடு எல்லாமே பழகிவிடும்.

வேலை வாய்ப்பைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முதல் மூன்று ஆண்டுகள் கணக்காளர் சம்பளத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வரை உதவி உண்டு. பிளஸ் டூவில் வணிகவியலோ கணக்குப்பதிவியலோ கணிதமோ படித்திருந்தால் போதும். 10,000 என்பது பெரிய சம்பளம் இல்லை. மூன்று ஆண்டுக்குப் பிறகு நிறுவனம் தன் சொந்த வருமானத்தில் கொடுக்க வேண்டும். ஆனால், ஊரில் இருந்தபடியே பார்க்கலாம். கூட்டுறவுச் சங்க வேலைதான் குறிக்கோள் என்றால் அதற்குக் கூட்டுறவுப் பயிற்சி தனியாகக் கேட்பார்கள். சமுதாயக் கல்லூரிப் பட்டயம் அதற்கு ஈடாகாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கடிதம் எழுதிய நண்பருக்கு...

உங்கள் மகளைத் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். படித்து வந்த பிள்ளை, “இந்தப் போகம் செலவு எவ்வளவு அப்பா?” என்று கேட்டால், “அதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் நிறுவனத்தைப் பிறகு தூக்கி நிறுத்தியது ஓர் உறுப்பினரின் மகள்தான். இப்படி ஒரு வருடப் படிப்பு முடித்தவர். அந்த மஞ்சள் பையைத் தரையில் கொட்டி, ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒன்றரை மாதத்தில் புத்தகம் எழுதிக் கொடுத்தார். போன பணம் திரும்பவில்லை. ஆனால், அந்தப் பெரியவருக்கு அவருடைய ஆயிரம் ரூபாய் எங்கே போனது என்று வரி வரியாகக் காட்ட முடிந்தது. அவரும் பங்கை வாபஸ் வாங்கவில்லை.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே நாம் கணக்குப் பார்க்காமல் இருந்துவிட்டோம். உழக்கு மிஞ்சியதா இல்லையா என்று தெரியவே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்லூரி திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இந்தப் போகத்தின் முதல் செலவை மகள் கையால் எழுதச் சொல்லுங்கள். அறுவடை முடிந்ததும் நிகரம் எவ்வளவு வந்தது என்று இந்த இதழுக்கு எழுதுங்கள். சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.