எகிப்து தேசத்து மரகதச் சுரங்கம்

கிணறு வெட்டும்பொழுது காக்காய்ப்பொன் மின்னினால், அதன் கீழே இரத்தினம் இருக்குமென்று எண்ணிக் குழி தோண்டக் கடன் கேட்கும் அங்கத்தினர் சிலர் உண்டு. காக்காய்ப்பொன்னுக்கும் மரகதத்துக்கும் சம்பந்தமே இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அச்சம்பந்தம் இன்னதென்று அறிந்தபின் கடன் கேட்பது நலம்.

உலகத்தில் மிகப் பழமையான மரகதச் சுரங்கங்களுள் சில, எகிப்து தேசத்தின் கீழ்ப்பாலைவனத்தில், செங்கடலுக்கு மேற்கே சிகாய்த், சபாரா என்னும் பள்ளத்தாக்குகளில் உள்ளன. ரோமர் இம்மலையை மரகதமலை என்றே அழைத்தனர். 5-ம் நூற்றாண்டில் அங்கு ஆதிக்கம் பெற்றிருந்தவர் பிளெம்மியர் என்னும் பாலைவனக் குலத்தார். அவர்களுடைய அரசனது உத்தரவின்றி யாரும் சுரங்கத்தைப் பார்க்க இயலாதாம்.

மரகதம் என்பது பெரில் என்னும் கல்லின் ஒரு வகை. பெரிலியம், அலுமினியம், சிலிகா ஆகியவை சேர்ந்தது பெரில். சுத்தமான பெரிலுக்கு நிறமில்லை. சிறிதளவு குரோமியமோ வெனேடியமோ கலந்தாலே அந்தப் பச்சை உண்டாகும். இங்குதான் இயற்கையின் சிக்கல் இருக்கிறது. பெரிலியம் கருங்கல் இனப் பாறைகளோடு வருவது. குரோமியமோ பூமியின் ஆழத்திலிருந்து வந்த கரும்பச்சைப் பாறைகளில் இருப்பது. இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைவது அபூர்வம். சிகாய்த்தில், கருங்கல் குழம்பிலிருந்து கசிந்த வெந்நீர் அக்கரும்பச்சைப் பாறையினுள் புகுந்து, அதனைக் கருநிறக் காக்காய்ப்பொன் அடுக்காக மாற்றிற்று. அவ்வடுக்கினுள்ளேதான் மரகதம் விளைந்தது. ஆகவே, காக்காய்ப்பொன் மட்டும் இருந்து குரோமியம் இல்லாத நிலத்தில் எத்தனை அடி வெட்டினாலும் பயனில்லை. நமது ஜில்லாக்களில் காக்காய்ப்பொன் பல இடங்களில் உண்டு. காங்கேயத்தை அடுத்த படியூரில் 1819–20-ல் வெட்டி எடுத்ததும் பெரில்தான். அதுவும் நீலம் கலந்த கல்லேயன்றி மரகதமன்று.

சிகாய்த் வேலையாட்கள் இந்த அடுக்கு வளைந்தவிடத்தில் தாமும் வளைந்து, ஊர்ந்து செல்லும் அளவே குடைந்தனர். சுண்ணாம்பின்றிக் கல்லடுக்கிக் கட்டிய அவர்கள் வீடுகள் இன்றும் நிற்கின்றன. எவ்வளவு கூலி பெற்றார்களோ! கல்லும் அவ்வளவு உயர்ந்ததன்று. பெரும்பாலும் கலங்கி, விரிசல் கண்டது.

இங்கிருந்து தென்கிழக்கே கடற்கரையில் பெரேநிகே என்னும் துறைமுகம் இருந்தது. அதன் கோயிலொன்றில், இந்தியாவில் வனைந்த சாடியொன்றினுள் ஏறக்குறைய 7½ கிலோ மிளகு அகப்பட்டது. நம்மவர் தமிழ் எழுத்துப் பொறித்த மட்கல ஓடும் அவ்வூரில் கிடைத்திருக்கிறது. எத்தியோப்பிய வியாபாரிகள் பிளெம்மியரிடம் மரகதம் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்ததாக 6-ம் நூற்றாண்டு வணிகர் ஒருவர் எழுதிவைத்துள்ளார்.

அராபியர் காலத்திலும் சுரங்கத்தில் வேலை நடந்தது. 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொலம்பியாவிலிருந்து பெரிய, தெளிந்த கற்களைக் கொண்டுவரத் தொடங்கியபின் எகிப்தியக் கல்லை விரும்புவார் குறைந்தனர். 1816-ல் பிரெடெரிக் கையோ என்னும் பிரெஞ்சுக்காரர், முகம்மது அலி பாஷாவின் ஏவலால் தேடிச் சென்று சபாராவை மீண்டும் கண்டார். பாஷா ஆட்களை அனுப்பித் தோண்டச் செய்தார். வரவு செலவுக்குப் போதவில்லை. 1899–1900-ல் லண்டன் நகை வியாபாரிகளும் முதல்போட்டு முயன்று, அதேபோலத் திரும்பினர்.